சணல் என்பது எந்தச் செடி? ஒரு பெயரும் ஐந்து நார்களும்

"சணல் சாகுபடிக்கு உரிமம்", "சணல் சாக்கு தட்டுப்பாடு", "சணப்பு விதைக்கு மானியம்", "சணல் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு". இப்படிப்பட்ட தலைப்புகளை அடுத்தடுத்துப் படிக்கிறவர் எல்லாமே ஒரே செடியைப் பற்றியவை என்றுதான் நினைப்பார். முதல் செய்தி பெரும்பாலும் கஞ்சா இனத்துச் செடியைப் பற்றியது. இரண்டாவதும் நான்காவதும் வங்காளத்து வயல்களில் விளையும் ஜூட். மூன்றாவது, நெல் நடவுக்கு முன் விதைத்து மடக்கி உழுகிற பசுந்தாள் உரப்பயிர். இந்தக் குழப்பத்துக்குப் படிப்பவரைக் குறை சொல்ல முடியாது. தமிழில் "சணல்" என்ற ஒரே சொல் செடி, நார், கயிறு, துணி, சாக்கு அத்தனையையும் சுமந்துகொண்டிருக்கிறது. எது எது என்று பிரித்துக்கொண்டால்தான் அந்த நார் எப்படி உருவாகிறது, எங்கே கெடுகிறது, அதன் விலையும் சட்டமும் ஏன் இப்படி இருக்கின்றன என்பதெல்லாம் புரியும்.

ஒரே பெயரில் அழைக்கப்படும் ஐந்து செடிகள்

1. ஜூட். கோணிச் சாக்கு இதிலிருந்துதான் வருகிறது. கார்கோரஸ் என்ற பேரினத்தில் இரண்டு இனங்கள் நாருக்காகப் பயிராகின்றன. கார்கோரஸ் கேப்சுலாரிஸ் "வெள்ளைச் சணல்". காய் உருண்டை, விதை பழுப்பு, இலை கசக்கும். கார்கோரஸ் ஒலிடோரியஸ் "டோசா". காய் நீண்டு குச்சிபோல் இருக்கும், விதை நீலம் கலந்த சாம்பல் நிறம், இலை கசக்காது. எகிப்தில் மொலோகியா என்று சமைக்கும் கீரை இந்த இரண்டாவது செடியின் இலைதான். வயலில் வெள்ளைச் சணல் வளர்ந்த நிலையில் தேங்கிய நீரைத் தாங்கும்; டோசா தாங்காது. நாரில் டோசா மென்மையும் வலுவும் கூடியது, பொன்னிறமானது. "தங்க நார்" என்ற பட்டம் இந்த நிறத்தால் வந்தது.

2. சணப்பு, சணப்பை. குரோட்டலேரியா ஜன்சியா என்னும் பயறு வகைச் செடி. மஞ்சள் பூ, வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும் முடிச்சுகள். தமிழகத்தில் இதைப் பசுந்தாள் உரமாக, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுவார்கள். இதன் தண்டிலும் நல்ல நார் உண்டு. அது வலைக்கும் கயிற்றுக்கும் உயர்தரக் காகிதத்துக்கும் போகிறது.

3. புளிச்சை. நாம் கீரையாகச் சாப்பிடும் செம்பருத்தி இனச் செடிகள்தான். வணிகத்தில் "மெஸ்டா" என்று பெயர். ஆந்திரத்தின் வடகடலோர மாவட்டங்களில் நாருக்காகப் பயிராகிறது. பீமுனிப்பட்டினம் துறைமுகத்தின் பெயரைக் கொண்டு "பிம்லி சணல்" என்றும் சொல்வார்கள். ஜூட்டை விடச் சொரசொரப்பு கூடுதல். சாக்கு நூலில் ஜூட்டோடு கலப்பதுண்டு.

4. ஹெம்ப். கஞ்சா செடியின் நார். "சணல் சாகுபடிக்கு உரிமம்" என்ற செய்தியில் வருவது இது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, நாருக்காகவும் விதைக்காகவும் இச்செடியைப் பயிரிட அரசு அனுமதிக்க இடம் தருகிறது. ஜூட்டுக்கும் இந்தச் சட்டத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

5. ஆளி. ஆளிவிதை தருகிற செடியின் தண்டு நார்தான் லினன். தமிழ் விவிலியத்தில் "சணல்நூல் ஏபோத்" (குருமார் அணியும் மேலாடை) என்று வருமிடத்தில் மூலத்தில் இருப்பது லினன். எகிப்தின் ஆலங்கட்டி மழையில் அழிந்த "சணலும்" ஆளிப் பயிர்தான். அந்த வரியைப் படித்துவிட்டு எகிப்திய அரசர்கள் கோணித்துணி உடுத்தியதாக நினைத்துக்கொள்வோரும் உண்டு.

ஐந்தும் தண்டின் பட்டையிலிருந்து எடுக்கும் நார்கள் என்பது மட்டுமே பொதுவானது. வேறுபாடு லிக்னின் என்ற மரப்பொருளின் அளவில் தெளிவாகத் தெரியும். ஜூட் நாரில் செல்லுலோஸ் ஏறத்தாழ 60 சதவீதம், ஹெமிசெல்லுலோஸ் 20 சதவீதத்துக்குச் சற்று மேல், லிக்னின் 12 முதல் 14 சதவீதம். ஆளி நாரிலும் சணப்பு நாரிலும் லிக்னின் மிகக் குறைவு. ஆய்வகத்தில் புளோரோகுளுசினால் கரைசலோடு ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து ஒரு துளி விட்டால் ஜூட் இழை செக்கச் சிவந்துபோகும். ஆளி இழை கிட்டத்தட்ட நிறம் மாறாது. "லினன் கலந்த துணி" என்று விற்பதில் ஜூட் கலந்திருக்கிறதா என்று பார்க்க இதைவிட எளிய வழி இல்லை. வெயிலில் ஜூட் பை மஞ்சளாகிப் பழுப்பேறுவதற்கும் இந்த லிக்னின்தான் காரணம். வெளுத்துச் சாயமேற்றிய ஜூட் துணியை சன்னலோரம் வைத்தால் நிறம் மங்குவதும் அதனால்தான்.

சொற்கள் வந்த வழி

வடமொழியில் "சணம்" என்றால் நம் சணப்புதான். இந்தியில் "சன்". ஆங்கிலத்தில் இச்செடியின் பெயரில் உள்ள "சன்" என்ற முன்சொல்லும் அங்கிருந்து போனதே. சூரியனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆக "சணல்" என்ற பெயருக்கு மூத்த உரிமை சணப்புக்குத்தான் இருக்கிறது. ஜூட் தமிழகத்துக்குச் செடியாக வரவில்லை, சாக்காகவும் கயிறாகவும் வந்தது. கையில் கிடைத்த புது நாருக்கு ஏற்கெனவே பழகிய நாரின் பெயரைச் சூட்டினார்கள். ஜூட்டுக்குத் தமிழில் செடிப்பெயர் ஊன்றாமல், பைக்கு மட்டும் இத்தனை பெயர்கள் இருப்பதை வேறு எப்படி விளக்குவது?

வங்காளத்தில் நிலைமை நேரெதிர். அங்கே செடிக்கும் நாருக்கும் "பாட்" என்று பெயர். அது வடமொழி "பட்ட" என்பதோடு, அதாவது நம் "பட்டு" என்ற சொல்லோடு, உறவுடையதாகக் கருதப்படுகிறது. கசக்கும் வெள்ளைச் சணல் "தித்தா பாட்", கசக்காத டோசா "மிட்டா பாட்". நார் உரித்த பின் எஞ்சும் வெள்ளைக் குச்சி "பாட்காட்டி". அடுப்பெரிக்கவும் வேலி கட்டவும் அது பயன்படும். "ஜூட்" என்ற உலகப் பெயர் ஒடியாவின் "ஜோட்டோ", வங்காளியின் "ஜூட்டோ" வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அதன் வேர் "ஜடா", நம் சடை. உரித்து அலசிய நார்க்கற்றை தலைவிரித்த கூந்தல்போல் இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் வியப்பாக இருக்காது.

தமிழ்ப் புழக்கத்தில் உள்ள மற்ற சொற்கள்:

- கோணி: வடமொழியில் "கோணீ". தெலுங்கில் "கோனெ", கன்னடத்தில் "கோணி". ஆங்கிலத்தின் "கன்னி பேக்" இதே சொல்தான். கோணியின் வாயைத் தைக்கும் வளைந்த தடித்த ஊசிக்குக் "கோணி ஊசி" என்றே பெயர்.
- சாக்கு: ஐரோப்பியரின் கடல் வணிகத்தோடு வந்து ஒட்டிக்கொண்ட சொல். இன்று பிளாஸ்டிக் பையையும் சாக்கு என்கிறோம். கோணி என்றால் மட்டுமே ஜூட் உறுதி.
- சணல்: கடையில் கேட்டால் செடியையோ நாரையோ யாரும் நினைப்பதில்லை. பொட்டலம் கட்டும் மெல்லிய கயிற்று உருண்டையைத்தான் எடுத்துத் தருவார்கள்.
- கித்தான்: தடித்து நெருக்கமாக நெய்த துணி. ஜூட், பருத்தி இரண்டிலும் உண்டு. ஆகவே இதை நாரின் பெயராகக் கொள்ளக்கூடாது.
- ஹெஸ்ஸியன்: மெல்லிய, சாதா நெசவு ஜூட் துணி. ஜெர்மனியின் ஹெஸ்ஸே பகுதியின் பெயரால் வந்தது. அமெரிக்காவில் இதுவே "பர்லாப்". சாக்குக்கு நெய்யும் கனத்த துணி "சாக்கிங்". ஏற்றுமதி ஒப்பந்தத்தில் இந்த இரண்டையும் மாற்றி எழுதினால் வேறு சரக்கு வந்து நிற்கும்.

தண்டுக்குள் நார் எங்கே இருக்கிறது

ஜூட் தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் மரக்கட்டை, அதைச் சுற்றிப் பட்டை. பட்டையின் உட்புறம், இலையில் தயாரான உணவு கீழிறங்கும் திசுவில், நார்க்கொத்துகள் வலைபோல் பின்னிக்கிடக்கும். 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளமுள்ள நுண் செல்கள்தான் அடிப்படை இழைகள். அவற்றை லிக்னினும் ஹெமிசெல்லுலோஸும் முனையோடு முனை ஒட்டவைத்து ஆள் உயரத்துக்கு மேல் நீளும் நாராக்குகின்றன. இந்த நாரைப் பட்டையின் மற்றத் திசுக்களோடும் மரக்கட்டையோடும் பிணைத்து வைத்திருப்பது பெக்டின் என்ற பசை. பெக்டின் போக வேண்டும், லிக்னின் பிணைப்பு இருக்க வேண்டும். தண்டை நீரில் ஊறவைத்து நாரைப் பிரிக்கும் "ஊறல்" என்ற கலையின் முழுச் சிக்கலும் இதில்தான் இருக்கிறது.

பருத்தியில் ஒரு செல் ஒரு இழை. ஜூட்டில் பல செல்கள் ஒட்டி ஒரு இழை. அந்த ஒட்டு அவிழ்ந்தால் நார் மாவாகிவிடும். இதனால்தான் பருத்தித் துணியைப்போல் ஜூட்டைக் கொதிநீரிலும் காரத்திலும் போட்டு வெளுக்க முடியாது.

ஊறல்: நாரின் தலையெழுத்து முடிவாகும் இடம்

விதைத்து 110 முதல் 120 நாளில் செடி 3 மீட்டரைத் தொடும். அரும்பு நிலையிலேயே அறுத்தால் நார் மெல்லியதாக இருக்கும், ஆனால் எடை குறையும். விதை முற்றியபின் அறுத்தால் எடை கூடும், நார் முரடாகும். சிறு காய் பிடித்த நிலைதான் இரண்டுக்கும் நடுவழி. அறுத்த தண்டுகளை 20 முதல் 25 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கட்டுகளாகக் கட்டி, 3 அல்லது 4 நாள் வயலிலேயே நிறுத்திவைத்தால் இலை உதிரும். இலையோடு நீரில் போட்டால் நீர் கெட்டு நார் கறுக்கும்.

பிறகு செய்ய வேண்டியவை:

1. கட்டுகளின் அடிப்பகுதி மட்டும் நீரில் இருக்கும்படி 2, 3 நாள் செங்குத்தாக நிறுத்த வேண்டும். அடித்தண்டு தடித்தது, ஊற நேரமாகும். நுனிக்கும் அடிக்கும் ஒரே கணக்கில் ஊறல் கொடுத்தால் ஒன்று நுனி அழுகும், அல்லது அடி வேகாது.

2. அதன்பின் கட்டுகளைப் படுக்கவைத்து, அடுக்குக்கு அடுக்கு குறுக்காக, 2 அல்லது 3 அடுக்கு போட வேண்டும். இந்த மிதக்கும் பரப்புக்கு வங்காளத்தில் "ஜாக்" என்று பெயர். மேல் அடுக்குக்கு மேலும் 10 சென்டிமீட்டராவது நீர் நிற்க வேண்டும். அடியில் தரையைத் தொடக்கூடாது.

3. ஜாக் மிதந்து எழாமல் இருக்க மேலே பாரம் வேண்டும். இங்குதான் பெருந்தவறு நடக்கிறது. கைக்கு எட்டுவது களிமண் கட்டியும் வாழை மட்டையும். மண்ணிலுள்ள இரும்பும் தாவரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்து நாரைக் கருநிறமாக்கிவிடும். பழைய எழுத்து மை தயாரித்ததும் இதே வேதியியலில்தான். இந்தக் கறுத்த நாருக்குச் சந்தையில் "ஷாம்லா" என்று பெயர். நார் வலுவாகவே இருந்தாலும் விலை அடிபடும். சிமென்ட் கட்டையோ மண் நிரப்பிய பிளாஸ்டிக் பையோ வைத்து, வைக்கோல் அல்லது நீர்ப்பாசி கொண்டு மூடினால் இந்த இழப்பு இல்லை.

4. எட்டாம் நாளிலிருந்து தினமும் சோதிக்க வேண்டும். ஜாக்கின் நடுவிலிருந்து ஒரு தண்டை உருவி, அடிப்பக்கத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்தித் தள்ள வேண்டும். நார் குச்சியை விட்டு வழுக்கிக் கழன்றால் பதம் வந்துவிட்டது. நீரின் வெப்பம் 34 டிகிரியை ஒட்டி இருந்தால் 12 நாளிலேயே முடியும். குளிர்ந்த நீரில் 20 நாளைத் தாண்டும்.

5. உரிப்பதில் இரண்டு முறைகள் உள்ளன. தண்டு தண்டாக உரித்தால் குச்சி முழுதாக மிஞ்சும், நாரும் சுத்தமாக இருக்கும். வேலை மெதுவாக நடக்கும். இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு, ஒரு பிடித் தண்டுகளின் அடியை மரக்கட்டையால் அடித்து, நடுவில் ஒடித்து, நீர்ப்பரப்பில் முன்னும் பின்னும் உதறி நாரைப் பிரிப்பது இரண்டாவது முறை. வேகமானது, ஆனால் ஒடிந்த குச்சித் துணுக்குகள் நாரில் சிக்கிக்கொள்ளும்.

6. ஓடும் நீரில் அலசி, மூங்கில் கொடியில் போட்டு 2, 3 நாள் உலர்த்த வேண்டும். தரையில் விரித்தால் மண் ஒட்டும்.

குறை ஊறலில் பட்டை அடித்தண்டோடு ஒட்டிக்கிடக்கும். ஆலையில் அந்தப் பகுதியை வெட்டித் தனியாக்கி "கட்டிங்" என்று வைப்பார்கள், அது சாக்கின் முரட்டு நூலுக்கு மட்டுமே ஆகும். மிகை ஊறலில் நுண்ணுயிர்கள் பெக்டினைத் தீர்த்துவிட்டு நாரின் உள் ஒட்டையே தின்னத் தொடங்கும். வெளிப்பார்வைக்கு அந்த நார் பளிச்சென்று இருக்கும்; இழுத்தால் அறும். குறை ஊறலைப் பெரும்பாலும் திருத்த முடியும், மிகை ஊறலைத் திருத்தவே முடியாது. அனுபவமுள்ள உழவர்கள் ஒரு நாள் முந்தியே எடுக்கப் பார்ப்பது இதனால்தான்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை நீர். தண்டின் எடைக்கு 20 மடங்கு நீர் வேண்டும் என்பது பரிந்துரை. ஒரு ஹெக்டேரில் 40 டன் பச்சைத் தண்டு என்று வைத்துக்கொண்டால் 800 டன் நீர், அதாவது 8 லட்சம் லிட்டர். அந்த 40 டன்னிலிருந்து கிடைக்கும் நார் 5 முதல் 6 சதவீதம், 2 டன்னுக்குச் சற்று மேல். 180 கிலோ கொண்ட வணிக "பேல்" கணக்கில் 11 முதல் 13 பேல். அறுவடைக் காலமான ஜூலை, ஆகஸ்டில் மழை பொய்த்தால் ஒரே குட்டையில் ஊர் முழுவதும் மாறிமாறி ஊறப்போடும். மூன்றாவது முறை போடுகிறவருக்குக் கிடைப்பது கறுத்த, பசை பிடித்த நார். நல்ல விளைச்சல் கண்ட ஆண்டிலும் உழவருக்கு விலை கிடைக்காமல் போவது பல இடங்களில் இந்தக் குட்டையில் முடிவாகிறது, வயலில் அல்ல. மேற்கு வங்கத்தின் பாரக்பூரில் 1953-இல் நிறுவப்பட்ட மத்திய சணல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய "கிரிஜாஃப் சோனா" என்ற நுண்ணுயிர்த் தூளை ஜாக்கின் அடுக்குகளில் தூவினால் ஊறல் ஏறத்தாழ ஒரு வாரம் குறைகிறது, நிறமும் மேம்படுகிறது. குறைந்த நீரில் ஊறப்போட வேண்டிய நிலையில் உள்ள உழவருக்கு இந்த ஒரு வாரம் பெரிய ஆறுதல்.

ஈரம்: தராசில் தெரியாத கணக்கு

ஜூட் நார் காற்றிலுள்ள ஈரத்தை ஆவலோடு உறிஞ்சும். முற்றாக உலர்ந்த நாரின் எடையில் எத்தனை சதவீதம் நீர் ஏறியிருக்கிறது என்பதை "ஈர மீட்பு" என்கிறார்கள். வணிகத்துக்கான பொது அளவு ஜூட்டுக்கு 13.75 சதவீதம், பருத்திக்கு 8.5. காற்று ஈரத்தால் நிறைந்த நிலையில் ஜூட் 30 சதவீதத்துக்கு மேல் ஏற்கும், அப்போதும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது.

100 கிலோ நாரை 16 சதவீத ஈர மீட்பில் வாங்கினால் உண்மையான உலர் நார் 86.2 கிலோ. அதே 100 கிலோ 30 சதவீதத்தில் இருந்தால் 76.9 கிலோ. வாங்குபவர் 9 கிலோவுக்கு மேல் கூடுதல் தண்ணீருக்குப் பணம் தருகிறார். இதைத் தடுக்க வியாபாரி மொத்த எடையில் கண்மதிப்பாகக் கழிப்பார். அந்தக் கழிவு சில நேரம் நியாயத்தைத் தாண்டி உழவரின் பையிலிருந்து எடுக்கப்படும். ஈரமானியை வைத்து அளந்து கழிப்பதே இருவருக்கும் நல்லது.

ஈர நாரை இறுக்கி பேல் கட்டினால் இன்னொரு கேடு உண்டு. உள்ளே வெப்பம் ஏறி, நடுப்பகுதி நார் பொடிந்துபோகும். வெளிச்சுற்று பொன்னிறமாக இருக்கும், நடுவில் கைவிட்டால் தூள். இதற்கு "உள்ளழிவு" என்பது பொருத்தமான பெயர். பேலைப் பிரிக்காமல் மேலோட்டமாகத் தரம் பார்ப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதுவே சாட்சி.

ஆலைக்குள் எண்ணெயும் நூல் எண்ணும்

ஆலையில் நாருக்கு முதலில் நடப்பது எண்ணெய் கலந்த நீர்ப்பால் தெளிப்பு. லிக்னினால் விறைத்த நாரை அப்படியே சிக்கெடுக்கும் உருளைகளில் செலுத்தினால் ஒடிந்து தூசாகும். தெளித்தபின் குவியலாக அடுக்கி ஓரிரு நாள் முதல், முரட்டு அடிப்பகுதிக்கு ஒரு வாரம் வரை, வைப்பார்கள். குவியலின் சூட்டில் எஞ்சிய பட்டையும் இளகும். அடுத்து இரண்டு கட்டச் சிக்கெடுப்பு, மூன்று முறை இழுத்து நீட்டுதல், நூற்றல், பாவு ஓட்டுதல், நெசவு, உருளைகளில் அழுத்தி மெருகேற்றுதல்.

புது கோணியில் மண்ணெண்ணெய் வாடை வருவது அந்தத் தெளிப்பில் கனிம எண்ணெய் சேர்வதால். கோக்கோ, காப்பிக்கொட்டை, பருப்பு வகைகளில் அந்த வாடை ஏறிவிடும். ஆகவே உணவுக்கான சணல் பைகளுக்கு ஒரு பன்னாட்டு அளவுகோல் வகுக்கப்பட்டது: சோப்பாக மாறாத எண்ணெய்ப்பொருள் ஒரு கிலோ பையில் 1,250 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. தவிட்டெண்ணெய் போன்ற தாவர எண்ணெயைப் பயன்படுத்தி ஆலைகள் இதை எட்டுகின்றன. உணவு கட்ட வாங்கும் பையில் "தாவர எண்ணெய்ப் பதம்" என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று கேட்பது அவசியம்.

நூல் எண்ணில் பருத்தி நெசவாளர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பருத்தியில் 40-ஆம் எண்ணை விட 100-ஆம் எண் மெலிந்தது. ஜூட்டில் தலைகீழ்: 14,400 கஜ நூலின் எடை எத்தனை பவுண்டோ அதுவே எண். 8 பவுண்டு நூல் ஹெஸ்ஸியனுக்கு. 20 பவுண்டுக்கு மேற்பட்டது சாக்கின் ஊடைக்கு, அதாவது குறுக்கு நூலுக்கு. எண் கூடக் கூட நூல் தடிக்கும்.

சட்டம் நாரைத் தாங்கி நிற்கும் விதம்

ஹூக்ளிக் கரையில் ரிஷ்ராவில் 1855-இல் முதல் ஆலை வந்தது. அதற்கு முன் வங்காள நார் ஸ்காட்லாந்தின் டன்டீ நகருக்குப் போய்க்கொண்டிருந்தது; அங்கே திமிங்கில எண்ணெயால் நாரை இளக்கினார்கள். கிரிமியப் போரில் ரஷ்ய ஆளியும் ஹெம்பும் வராமல் நின்றபோது ஜூட் அந்த இடத்தைப் பிடித்தது. 1947 பிரிவினையில் ஆலைகள் இந்தியப் பக்கமும், சிறந்த விளைநிலத்தின் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தான் பக்கமும் நின்றன. இன்றைய இந்திய–வங்கதேச வணிகச் சண்டைகளின் வேர் அங்கே இருக்கிறது. வங்கதேசச் சணல் பொருட்களுக்கு இந்தியா 2017 ஜனவரியில் பொருள்குவிப்புத் தடுப்பு வரி (மலிவு விலையில் கொண்டுவந்து குவிப்பதைத் தடுக்கும் வரி) விதித்தது. 2025 ஜூனில், அங்கிருந்து வரும் பல சணல் பொருட்களைத் தரைவழியில் அனுமதிக்காமல் மகாராஷ்டிரத்தின் நவா சேவா துறைமுகம் வழியாக மட்டுமே கொண்டுவர வேண்டும் என்றது.

உள்நாட்டில் ஆலைகளைத் தாங்குவது 1987-ஆம் ஆண்டின் கட்டாய சணல் பொதியல் சட்டம். அதன்கீழ் அரசு ஆண்டுதோறும் உணவுதானியத்தில் 100 சதவீதமும் சர்க்கரையில் 20 சதவீதமும் சணல் பையில் கட்டப்பட வேண்டும் என்று ஒதுக்குகிறது. இதன் பலனும் பாரமும் ஒன்றாகவே வருகின்றன. வாங்குபவர் பெரும்பாலும் அரசுதான் என்பதால், கொள்முதல் திடீரென உயரும் பருவத்தில் சாக்கு தட்டுப்பாடு வரும். அப்போது பிளாஸ்டிக் பைக்குத் தற்காலிக விலக்கு தரப்படும். கச்சா நார் விலை ஏறினாலும் இறங்கினாலும் அதே சங்கிலி அதிரும். 2021 செப்டம்பர் இறுதியில் சணல் ஆணையர் கச்சா நாருக்கு குவிண்டாலுக்கு 6,500 ரூபாய் என்று உச்ச விலை வைத்தார். அந்த விலைக்குச் சந்தையில் நார் கிடைக்காமல் ஆலைகள் திணறின. 2022 மே மாதம் உச்சவரம்பு நீக்கப்பட்டது. உழவருக்கான குறைந்தபட்ச ஆதரவு விலை இதிலிருந்து வேறு: 2025-26 பருவத்துக்கு, டோசா நாரின் ஒரு தரமான டி.டி.-3-க்கு, குவிண்டாலுக்கு 5,650 ரூபாய். செய்தியில் "சணல் விலை" என்று வரும்போது அது ஆதரவு விலையா, சந்தை விலையா, சாக்கின் விலையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்றும் வெவ்வேறு திசையில் போகும் காலங்கள் உண்டு.

கடைகளில் கிடைக்கும் "சணல் பை"களில் கவனிக்க வேண்டியது உள்பக்கம். பளபளப்பான மெல்லிய படலம் ஒட்டியிருந்தால் அது பாலித்தீன். அந்தப் பை ஈரத்தைத் தடுக்கும், விறைப்பாக நிற்கும். மண்ணில் புதைத்தால் நார் மக்கிப்போய்ப் படலம் மட்டும் கிடக்கும். பருத்தியும் ஜூட்டும் கலந்து நெய்த "ஜூகோ" துணி தொட்டால் மென்மையாக இருக்கும், படலம் தேவைப்படாது.

580 கிராம்

50 கிலோ தானியத்துக்கு அரசு வாங்கும் "பி-ட்வில்" என்ற நெசவு வகைச் சாக்கின் நிர்ணய எடை 580 கிராம். தமிழகத்தின் நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ நெல்லுக்குத் தராசு 40.580 காட்ட வேண்டும் என்று சொல்வது இந்தச் சாக்கின் எடையைச் சேர்த்துத்தான். ஆனால் மேலே பார்த்த ஈரக் கணக்கு சாக்குக்கும் பொருந்தும். 20 சதவீத ஈர மீட்பில் 580 கிராம் இருக்கும் சாக்கில் உலர் நார் 483 கிராம். அதே சாக்கு காய்ந்து 13.75 சதவீதத்துக்கு வந்தால் 550 கிராம். பலமுறை பயன்பட்ட சாக்கு நார் உதிர்ந்து இன்னும் எடை குறைந்திருக்கும். சாக்கு 550 கிராம் ஆகிவிட்டபோதும் தராசு 40.580 காட்டும்வரை அள்ளிப் போட்டால், ஒரு மூட்டைக்கு 30 கிராம் நெல் கூடுதலாகப் போகிறது. ஆயிரம் மூட்டைக்கு 30 கிலோ. வெறும் சாக்கைத் தராசில் வைத்து முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, அதன்பின் நெல்லைக் கொட்டி நேராக 40 கிலோ நிறுத்தினால் இந்த வித்தியாசம் வராது.